வீசம் ஏக்கர்: தம்பின் லயத்துக் கொல்லைகள் சொல்லும் வரலாறு



உங்கள் வகுப்பில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கரும்பலகையில் 'தோட்டம்' என்று எழுதி, அந்தச் சொல்லைக் கேட்டதும் மனத்தில் என்ன தோன்றுகிறது என்று மாணவர்களைக் கேளுங்கள். பூந்தோட்டம் என்பார்கள், காய்கறித் தோட்டம் என்பார்கள். அதே கேள்வியை அவர்களுடைய தாத்தா பாட்டியிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும். அவர்களுக்குத் தோட்டம் என்றால் ரப்பர்த் தோட்டம்தான். லயம், பெரட்டு, கங்காணி, கிராணி, பால்வாளி எல்லாம் சேர்ந்த ஓர் உலகம். வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் மிளகாயும் நட்ட இடத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கொல்லை'.

தோட்டம் துரையுடையது, கொல்லை நம்முடையது. இப்படித்தான் லயத்து மக்கள் நினைத்தார்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். நமக்குப் பழக்கமான தம்பின் வட்டாரத்தை முன்வைத்துப் பேசுவோம். வரலாறு, அறிவியல், கணிதம் என மூன்று பாடங்களுக்கும் இதில் சரக்கு இருக்கிறது.

தம்பினுக்கு ரப்பர் வந்த வழி

1896ஆம் ஆண்டில் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்ற சீன வணிகர் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிப நோக்கோடு ரப்பர் பயிரிடப்பட்டதன் தொடக்கம் அது. அடுத்து அவர் புக்கிட் அசஹானில் பெரிய அளவில் ரப்பர்த் தோட்டம் போட்டார். அந்த அசஹான், தம்பினிலிருந்து பத்தாங் மலாக்கா பக்கமாகப் போனால் எட்டிவிடும் தூரத்தில்தான் இருக்கிறது. நம் நாட்டு ரப்பரின் கதை தம்பினின் பக்கத்து வாசலில் தொடங்கியது என்று மாணவர்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில் பாதையும் வந்தது. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஒரு கிளைப்பாதை 1905இல் திறக்கப்பட்டது. இரயில் நிலையம் மலாக்கா எல்லைக்குள் புலாவ் செபாங்கில் இருந்தாலும், ஊர்ப்பெயர் என்னவோ தம்பின்தான். இன்றும் அந்த நிலையம் இரண்டு பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. இரயிலும் ரப்பரும் வந்த இடத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களும் வந்தார்கள். சஞ்சிக்கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்ட பிறகு கங்காணி முறையே முதன்மையான வழியாக இருந்தது. தம்பின், கெமிஞ்சே, கிம்மாஸ் என்று நீளும் இந்த மாவட்டத்தின் தோட்ட லயங்கள் இப்படி நிரம்பியவைதான்.

வந்தவர்களில் பெரும்பாலோர் உழவுத் தொழில் அறிந்தவர்கள், ஆனால் கையில் நிலம் இல்லாதவர்கள். இங்கே பலகை வீட்டின் ஓர் அறையும் அதன் முன்னால் ஓர் அஞ்சடியும் கிடைத்தன. அடுத்த தேவை, மண்.

சட்டம் கொடுத்த வீசம்

மலாய் ஐக்கிய மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பை நாம் எல்லோரும் ஒரு காரணத்துக்காக அறிவோம். ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால், நிருவாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று வைத்த சட்டம் அது. பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது.

அதே சட்டத்தொகுப்பு இன்னொன்றையும் சொன்னது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிர் செய்யவும் கால்நடை மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. தமிழில் 1/16க்கு 'வீசம்' என்று அழகான பழைய பெயர் இருக்கிறது. 'மாகாணி' என்றும் சொல்வார்கள். ஆக, சட்டம் கொடுத்தது வீசம் ஏக்கர்.

அது எவ்வளவு பெரியது? ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதைப் பதினாறால் வகுத்தால் 2,722 சதுர அடிக்குச் சற்று மேல் வரும். ஏறக்குறைய 52 அடி நீளம், 52 அடி அகலம். இன்று 20 அடிக்கு 70 அடி மனையில் கட்டும் ஒரு தாமான் தொடர்வீட்டின் மொத்த நிலம் 1,400 சதுர அடி. அதாவது, அன்று சட்டம் ஒதுக்கச் சொன்ன கொல்லை, இன்று நாம் கடன் வாங்கி வாங்கும் வீட்டு மனையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு! பள்ளித் திடலில் கயிறு பிடித்து 52 அடிச் சதுரம் ஒன்றைப் பிள்ளைகளை வைத்தே அளக்கச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும் நான்கு பேரை நிறுத்தினால், பின்னமும் பரப்பளவும் வரலாறும் ஒரே நேரத்தில் புரிந்துவிடும்.

ஆனால், சட்டத்தில் இருந்தது எல்லாம் தரையில் நடக்கவில்லை. சில தோட்டங்களில் நல்ல நிலம் கிடைத்தது. சில இடங்களில் ரப்பருக்கு ஆகாத சதுப்பும் சரிவும்தான் மிஞ்சின. இன்னொரு முக்கியமான செய்தி: அந்த நிலம் பயன்படுத்த மட்டுமே. பட்டா இல்லை. வேலை போனால் வீடும் போகும், கொல்லையும் போகும். இந்த ஒரு வரியைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

கொல்லை எப்படி இயங்கியது?

விடியற்காலையில் பெரட்டு. பிறகு மரம் சீவல், பால் எடுத்தல், நிறுத்துக் கொடுத்தல். மதியத்துக்கு மேல் வீடு திரும்பி, கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கொல்லைக்கு இறங்குவார்கள். பெண்களுக்கு இது மூன்றாவது வேலை. காட்டு வேலை, அடுப்படி வேலை, அதற்கும் மேலே கொல்லை. இதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். 'பாட்டி ஆசையா செடி வளர்த்தாங்க' என்பதோடு நிறுத்திவிட்டால் அது பாதி வரலாறுதான்.

அந்தக் கொல்லையில் எதுவும் வீணாகவில்லை. குளித்த தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போனது. அரிசி கழுவிய நீரும் கஞ்சித் தண்ணீரும் மாட்டுக்குப் போயின. மாட்டுச்சாணம் குழிக்குப் போய் எருவானது. விறகடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும், மீதி செடிக்கும். முருங்கைக் கிளையை வெட்டி ஊன்றினால் அதுவே வேலிக்கால். துளிர்த்தால் கீரை, வளர்ந்தால் காய். அகத்தி, கறிவேப்பிலை, பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் ஓரங்களில் இருந்தன. பந்தலில் புடலையும் பீர்க்கையும் தொங்கின. மூலையில் மரவள்ளி. மலாய்க்கார அண்டை வீட்டாரிடமிருந்து வந்த செரையும் பண்டான் இலையும் நம் ரசத்துக்கும் பாயசத்துக்கும் பழகிவிட்டன.

இங்கே அறிவியல் வகுப்புக்கு ஓர் ஒப்பீடு இருக்கிறது. அந்தக் காலத்துத் துரைமார்களில் பலர் ரப்பர் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று சுத்தமாகக் களை எடுக்க வைத்தார்கள். மழையில் மேல்மண் அடித்துக்கொண்டு போனது. பிறகு, 1925இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் போன்றவற்றின் ஆய்வுகள் வழியாக, அவரை இனத்து மூடுபயிர்க் கொடிகளைப் படரவிடும் முறை வலுப்பெற்றது. அந்தக் கொடிகள் மண்ணை மூடிக் காத்தன. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சுகள் வழியாக மண்ணில் சேர்த்தன. லயத்துக் கொல்லையிலோ பூசணியும் அவரையும் ஏற்கெனவே தரையை மூடித்தான் கிடந்தன. யாரும் அதை ஆய்வு என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கொல்லை உயிர் காத்த இரண்டு காலங்கள்

முதலாவது, 1930களின் உலகப் பொருளாதார மந்தம். ரப்பர் விலை சரிந்தது. கூலி குறைக்கப்பட்டது, பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இருந்தவர்களுக்குக் குறைந்த கூலியில் குடும்பத்தை ஓட்டக் கொல்லைதான் கைகொடுத்தது. அப்போது நிருவாகங்களும் காய்கறி பயிரிடச் சொல்லி ஊக்கப்படுத்தின. ஏன் என்று மாணவர்களைக் கேளுங்கள். தொழிலாளி தன் சொந்த நேரத்தில் விளைவித்த ஒவ்வொரு கத்தரிக்காயும், கூலியாகத் தர வேண்டியிருந்த ஒரு காசை முதலாளிக்கு மிச்சப்படுத்தியது. கொல்லை குடும்பத்தைக் காப்பாற்றியது உண்மை. குறைந்த கூலியைத் தாங்கிப் பிடித்ததும் அதே கொல்லைதான். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு.

இரண்டாவது, சப்பான்காரன் காலம். 1942 ஜனவரி 14ஆம் நாள் கெமிஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் மறைந்திருந்து சப்பானியரைத் தாக்கினார்கள். அந்தப் போர் நடந்தது நம் தம்பின் மாவட்டத்தில்தான். ஆனாலும் சப்பானியர் முன்னேற்றம் நிற்கவில்லை. அடுத்த மாதமே சிங்கப்பூரும் விழுந்தது. மலாயாவுக்குப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்து போனது. ரப்பருக்கும் வாங்க ஆளில்லை. தம்பின்-மலாக்கா கிளைப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்-பர்மா மரண இரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டன. தண்டவாளம் போன திசையில் தோட்டத்து ஆண்களும் போனார்கள். பலர் திரும்பவே இல்லை. லயத்தில் மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் நம்பி வாழ்ந்தார்கள். 'மரவள்ளி தின்ன காலம்' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இங்கே பக்கத்து ஊர்க் கதை ஒன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சப்பானிய ஆட்சி, சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கச் சீனர்களையும் யுரேசியர்களையும் நெகிரி செம்பிலானின் பஹாவ் காட்டுப்பகுதியில் குடியேற்றி, சொந்தமாக உணவு விளைவித்துக்கொள்ளச் சொன்னது. 1943 இறுதியில் தொடங்கிய குடியேற்றம் அது. அவர்களில் பெரும்பாலோர் நகரத்தில் அலுவலக வேலை பார்த்தவர்கள். காட்டை அழிக்கவும் தெரியாது, அந்த மண்ணையும் தெரியாது. மலேரியாவாலும் ஊட்டக்குறைவாலும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அவர்களை வழிநடத்திய ஆயர் அட்ரியன் தெவால்ஸும் 1945இல் இறந்தார். லயத்துத் தமிழர்களும் அதே காலத்தில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். துன்பத்தில் யார் பெரியவர் என்ற போட்டி இங்கே இல்லை. ஆனால், ஒரு பாடம் தெளிவாகத் தெரிகிறது: பயிர்த்தொழில் என்பது நெருக்கடி வந்த பிறகு கற்றுக்கொள்ளும் விஷயம் அல்ல.

கொல்லை கைவிட்டுப் போன கதை

1948 முதல் 1960 வரை அவசரகாலம். கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக்கூடாது என்று பல தோட்டங்களில் லயங்களை ஒன்றுசேர்த்து முள்வேலி போட்டார்கள். வேலிக்கு வெளியே உணவு கொண்டுபோகத் தடை இருந்தது. தூரத்துக் கொல்லைகள் கைவிடப்பட்டன.

அதே 1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக மறுபடியும் விற்றார்கள். உங்கு அசிஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடல் பற்றி விரிவான ஆய்வே நடத்தப்பட்டது. வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் என்று நாம் முன்பு பார்த்தோமே, அது அப்போது ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நடந்தது. இதற்கு விடையாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி போட்டால் நிலத்துக்கு நாமே சொந்தக்காரர் ஆகலாம் என்று எடுத்துச் சொன்னார். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அனுபவிக்க மட்டும் கிடைத்த நிலத்திலிருந்து சொந்த நிலத்தை நோக்கி நாம் எடுத்து வைத்த பெரிய அடி அது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவைப்பட்டது. பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. நம் மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். வீட்டில் சுத்தமான தண்ணீர், மின்சாரம், பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு எல்லாம் கிடைத்தன, மறுக்க முடியாது. ஆனால், தலைமுறை தலைமுறையாக உழைத்துப் பண்படுத்திய கொல்லை மண்ணுக்கு ஒரு காசும் கணக்கில் வரவில்லை. கொண்டுவர முடிந்தது கையளவு விதையும் மனத்தில் இருந்த அறிவும்தான். அந்த அறிவுள்ள பாட்டிமார்களும் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆகவேதான் இது நம் வேலையாகிறது.

கொல்லை அறிவைப் பள்ளிக்குக் கொண்டுவர

லயத்துப் பழக்கங்களை இன்றைய பள்ளிக்கும் வீட்டுக்கும் பொருந்தும்படி கீழே தருகிறேன். 4 அடிக்கு 8 அடிப் பாத்தி ஒன்று இருந்தாலும் போதும், பூச்சாடியிலும் செய்யலாம்.

1. தண்ணீர்: அரிசி, காய்கறி கழுவிய நீரைச் சேமித்துச் செடிக்கு ஊற்றுங்கள். அன்றைய குளியல் நீர் வாழைக்குப் போனது சரி. இன்று வெளுப்பு மருந்தும் கடுமையான சோப்பும் கலந்த நீர் செடிக்கு வேண்டாம்.

2. எரு: காய்கறித் தோலும் காய்ந்த இலையும் மாறி மாறி அடுக்கி, அழுந்தப் பிழிந்த துணியளவு ஈரத்தில் வைத்து, வாரம் ஒருமுறை கிளறுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் எரு தயார். மீன், இறைச்சிக் கழிவைப் பள்ளி எருக்குழியில் போடாதீர்கள், எலி வரும். பச்சைக் கோழி எரு வேரைக் கருக்கிவிடும், மட்க வைத்த பிறகே போடுங்கள்.

3. சாம்பல்: நம் வட்டாரச் செம்மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உள்ளது. விறகுச் சாம்பல் அதைக் குறைக்கும், பொட்டாசும் தரும். ஆனால் ஒரு கைப்பிடி போதும்; அள்ளிக் கொட்டினால் கெடுதல். கரிச்சட்டி வறுவலுக்குப் பயன்படுத்திய இரசாயனக் கரிக்கட்டிகளின் சாம்பல் வேண்டாம்.

4. மண்ணை மூடுங்கள்: இரண்டு பாத்தி போடுங்கள். ஒன்றைச் சருகால் மூடுங்கள், மற்றதைத் திறந்து விடுங்கள். கனமழைக்குப் பிறகு எதிலிருந்து சேறு ஓடுகிறது என்று மாணவர்கள் பார்த்து எழுதட்டும்.

5. விதை: நன்றாக முற்றிய கத்தரி, வெண்டை, அவரை விதைகளைக் கழுவி நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத போத்தலில் வையுங்கள். அன்று சாம்பலில் புரட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார்கள். ஈரமும் பூச்சியும் அண்டாமல் இருக்கத்தான். கடையில் வாங்கும் கலப்பின விதையின் அடுத்த தலைமுறை தாயைப் போலவே வராது என்பதையும் சொல்லுங்கள்.

6. மரவள்ளி: தோலை முழுதாகச் சீவி, துண்டாக்கி, நிறைய நீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரை ஊற்றிவிட வேண்டும். பச்சையாகத் தின்னவே கூடாது. அதில் சயனைடு நச்சு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பாட்டிமார்கள் காரணம் தெரியாமலே கடைப்பிடித்த விதி இது.

7. கொசு: வாரம் ஒருமுறை சாடித் தட்டு, வாளி, பழைய டயர் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமே போதும். பொறுப்பாளர் மாணவர் ஒருவரை நியமித்துவிடுங்கள்.

பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

பாத்தி போடுவதோடு ஒரு சிறு வாய்மொழி வரலாற்றுப் பணியையும் கொடுங்கள். மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும்:

உங்க லயத்துக் கொல்லை எவ்வளவு பெருசு? அதில் என்னென்ன இருந்தது? மாடு யார் பார்த்துக்கிட்டாங்க? விளைஞ்சதை விற்றீங்களா, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தீங்களா? தோட்டத்தை விட்டு வரும்போது எந்தச் செடியை, எந்த விதையைக் கொண்டு வந்தீங்க? எதைக் கொண்டுவர முடியலை?

கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். பதில் வர நேரம் ஆகலாம். வந்த பதிலைத் திருத்தாமல், சொன்ன சொல்லிலேயே எழுதட்டும். தாத்தா தமிழும் பாட்டி தமிழும் அப்படியே பதிவாகட்டும்.

ஆசிரியர்களே, வீசம் ஏக்கர் நிலத்தை நம்மால் மீட்டுக் கொடுக்க முடியாது. அந்த நிலத்தை உழைப்பால் விளைநிலமாக்கியவர்கள் யார், அது ஏன் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை என்று சொல்லிக் கொடுக்க முடியும். கூடவே, ஒரு முருங்கைக் கிளையைப் பள்ளி வேலியோரம் ஊன்றவும் முடியும். இந்த மழைக்காலத்திலேயே தொடங்கிவிடுங்கள்.